ஒரு லாரி தூரத்தில் அராலி

என் குரல் இவ்வளவு பெரிதானதற்கு அராலிதான் காரணம். சந்தையில் நான் வாழைக்காய் விலை கேட்டால் பக்கத்துத் தெருக்காரி பதில் சொல்கிறாள் என்று என் தங்கை கேலி செய்வாள். என்ன செய்ய? வருஷக்கணக்காக ஒரு மனிதரோடு தேயிலை லாரி நீளத்துக்கு இந்தப் பக்கம் நின்றே பேசியிருக்கிறேன். "உப்பு போதுமா?" என்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். "உங்க அண்ணன் செத்துட்டாராம்" என்பதையும் கத்தித்தான் சொன்னேன். கத்திச் சொல்லக்கூடிய செய்தியா அது?

அவர் பெயர் ருசோக்கே. ஆனால் உகாண்டாவின் மேற்கே எங்கள் தோரோ நாட்டில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்று சண்டை, இல்லையென்றால் போலீஸ். மற்றபடி எல்லோரையும் எம்பாக்கோவால்தான் அழைப்போம். குழந்தை பிறந்த சில நாளில், அப்பன் வழிப் பெரியவர் முகம் பார்த்துச் சூட்டும் செல்லப்பெயர் அது. மொத்தமே ஒரு கைப்பிடி எம்பாக்கோதான் இருக்கிறது. ஊரே அதைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவருக்கு அராலி, எனக்கு அப்வோலி. அதைச் சொல்லாமல் வணக்கம் சொன்னால் அது வணக்கமே இல்லை.

காட்டோரத்தில் இருக்கும் சிம்பன்சி ஆராய்ச்சி நிலையத்தில் நான் சமையல்காரி. அராலி சிம்பன்சிகளின் பின்னால் நடப்பவர். விடிவதற்கு முன் அவை தூங்கும் மரத்தடியில் போய் நிற்க வேண்டும். எழுந்ததும் அவை மேலேயிருந்து மூத்திரம் விடும்; அதை இலையில் ஏந்தி, சின்னக் குப்பியில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பொழுது சாய்ந்து அவை கூடு கட்டிப் படுக்கும்வரை பின்னாலேயே நடை. யார் என்ன பழம் தின்றார்கள், யார் யாரை அடித்தார்கள், யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், மலத்தில் என்ன விதை கிடந்தது, எல்லாம் பார்த்து வர வேண்டும்.

"காலங்காத்தால குரங்கு மூத்திரத்துக்குக் கையேந்தி நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ டாக்டரம்மாவோட எச்சித் தட்டைக் கழுவுற. ரெண்டும் ஆராய்ச்சிதான், பூனை," என்றார். அப்வோலி என்றால் பூனை. அதை வைத்து என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

அவர் மீசை முளைத்த வயதிலேயே அந்த வேலைக்கு வந்தவர். அப்போது சிம்பன்சிகள் மனிதரைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடும். மனிதன் என்றால் கண்ணி, ஈட்டி என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்தது. ஓடுகிறதை என்னவென்று ஆராய்வது? முதலில் பழக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். தூரத்தில் உட்கார வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. சும்மா இலையைப் பறித்து மெல்ல வேண்டும், தோளைச் சொறிந்துகொள்ள வேண்டும். 'உன்னைப் பற்றி எனக்கு ஒரு அக்கறையும் இல்லை' என்பதுபோல் இருக்க வேண்டும். முக்கியமாக, எக்காரணம் கொண்டும் நாம் அதை நோக்கி ஓர் அடி வைக்கக் கூடாது. அதுவாக நெருங்கி வந்தால் மெதுவாக எழுந்து நாம்தான் பின்னால் நகர வேண்டும்.

நியகாத்தோ என்று ஒரு பெண் சிம்பன்சி. இரட்டையில் இரண்டாவதாகப் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். அவளைப் பற்றிப் பேசும்போது அராலியின் முகமே மாறிவிடும்.

"மூணு மழைக்காலம் அவளுக்கு முதுகைக் காட்டியே உக்காந்திருந்தேன், அப்வோலி. நாலாவது மழையில அவ எனக்கு முதுகைக் காட்டி உக்காந்தா!"

முதுகைக் காட்டினால் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தமாம். கல்யாணத்துக்குப் பெண் சம்மதித்த செய்தி வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

அந்தப் பெண், அவர் மனைவி, காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய எம்பாக்கோ அத்யேரி. மகன் புசிங்கே அப்போது சின்னப் பையன். சித்தி வீட்டில், ஃபோர்ட் போர்ட்டல் நகரத்தில் வளர்ந்தான். அராலி ஞாயிறு தவறாமல் போவார். பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றுவார். பையன் வளர்ந்து தோளில் ஏற முடியாத உயரம் வந்த பிறகும் ஞாயிறு மட்டும் தவறவில்லை.

பிறகு இருமல் வந்தது. எங்களுக்கு இல்லை, காட்டுக்கு.

சிம்பன்சிகள் மனிதரைப்போலவே இருமின. மூக்கு ஒழுகிற்று. பழம் பழுத்த மரத்தில் ஏற முடியாமல் அடியில் சுருண்டு கிடந்தன. பல செத்துப் போயின. நியகாத்தோவின் குட்டியும் செத்தது. அதை அவள் கீழே போடாமல் காய்ந்து சுருங்கும்வரை முதுகில் சுமந்துகொண்டே திரிந்தாள். அராலியும் அவள் பின்னாலேயே திரிந்தார். நமக்கு மூக்கை ஒழுகவைத்துவிட்டுப் போகிற சாதாரண ஜலதோஷம்தான் அது என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். நமக்குத் தும்மல், அவற்றுக்கு எமன். யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று எந்த ஆய்வுக்கூடத்தாலும் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் போகிறார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் போகிறார்கள், யாரை என்று சொல்வது?

ஆனால் அராலி தானே என்று முடிவு கட்டிவிட்டார். முந்தின ஞாயிறு புசிங்கேவுக்குச் சளி. வளர்ந்த பையன்தான், இருந்தாலும் காய்ச்சலில் சோர்ந்து கிடந்த பிள்ளையின் மூக்கைத் தன் சட்டை முனையால் துடைத்துவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை அதே சட்டையோடு காட்டுக்குள் போயிருக்கிறார்.

"அதே சட்டை, அப்வோலி," என்று சொல்லி, அதைக் கழற்றி என் அடுப்பில் திணித்தார். பருத்திச் சட்டை, நல்ல நீலம். கொடுத்திருந்தால் கரித்துணிக்காவது ஆகியிருக்கும்.

நிலையத்தின் தலைவர் டாக்டரம்மா நக்காயிசா புது விதிகள் கொண்டுவந்தார். காட்டுக்குள் முகக்கவசம் போட வேண்டும். வெளியே போய் வந்தவர் ஒரு வாரம் தனியாக இருந்து, இருமல் தும்மல் இல்லை என்று தெரிந்த பிறகே சிம்பன்சி பக்கம் போகலாம். எந்நேரமும் தூரம் காக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று ஆட்களுக்குப் புரியவில்லை. சாலையில் தேயிலை லாரி நின்றிருந்தது. அதைக் காட்டி, "அந்த லாரி உங்களுக்கும் அதுங்களுக்கும் நடுவுல நிக்குதுன்னு நினைச்சுக்கோங்க," என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு லாரிதான் அளவு.

மற்ற ஆட்கள் முறை போட்டுக்கொண்டார்கள். தனியே இருப்பது, காட்டுக்குப் போவது, பிறகு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருப்பது. அராலி முறைக்கே வரவில்லை. காட்டோரத்தில் மண்வெட்டி, கத்தி போட்டுவைக்கும் குடிசையைச் சுத்தம் செய்து அங்கேயே குடியேறிவிட்டார். வெளியே வருவதே இல்லை.

டாக்டரம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. அவர் பக்கத்துப் புகாண்டா நாட்டுக்காரர், எம்பாக்கோ பழக்கம் இல்லாதவர். "ருசோக்கே, நான் கேட்டது ஒரு வாரம்தான். வாழ்நாள் முழுக்க இல்ல. போய் உங்க புள்ளையைப் பாருங்க," என்றார்.

"இருக்கட்டும் டாக்டர். ஒரு ஆளாவது எப்பவும் சுத்தமா இருந்தா நல்லதுதானே."

"இது விதி. தண்டனை இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் அராலி.

நான் தினமும் ஊருக்குப் போய் வருகிறவள். என் தங்கை வீட்டில் மூக்கு ஒழுகாத குழந்தையே கிடையாது. அதனால் என் சமையற்கட்டுக்கும் அவர் குடிசைக்கும் நடுவே ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் அடிமரம். நான் அதன்மேல் களியையும் அவரைக் குழம்பையும் மூடி வைத்துவிட்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று "அராலி!" என்று கத்துவேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். நான் என் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை கத்துவேன். யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் புகுந்தது, எந்தச் சாமியார் எந்தப் பெண்ணோடு பேசினார், எல்லாம் காடு முழுக்கக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும்.

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியவில்லை. கரண்டியால் தட்டைத் தட்டினேன். அவர் வந்தார், சாப்பாட்டை எடுத்தார், உட்காராமல் நின்றார்.

"என்ன?" என்று கையால் கேட்டேன்.

"இன்னிக்குப் பேர் இல்லையா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் களிக்காக வரவில்லை. காட்டில் யார் அவரை அராலி என்று கூப்பிடுகிறார்கள்? நாளெல்லாம் யாரும் அழைக்காத மனிதர் அவர். அன்று நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். விறகு ஈரமாக இருந்தது என்று பிறகு சொன்னேன். எனக்கு அவரைப் பிடிக்கும். புருஷன் விட்டுப்போனவள் இப்படிச் சொன்னால் ஊர் வாய் சும்மா இருக்காது. இருக்க வேண்டாம்.

அண்ணன் அடக்கத்துக்கு அவர் போகவில்லை. கூட்டத்தில் எத்தனை பேர் இருமுவார்கள் என்று யோசித்திருப்பார். தேயிலை மேட்டின்மேல் தனியாக நின்று, கீழே சொந்தபந்தம் மண் தள்ளுவதைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்கு வராதவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர் அக்கா எங்கள் வாசலுக்கே வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள்.

"நாளைக்கு உன்னை யாருடா குழி தோண்டிப் புதைப்பாங்க? உன் நியகாத்தோவா?"

"அவ தோண்ட மாட்டா அக்கா. கூடவே உக்காந்திருப்பா," என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். நானும் அவள் கட்சிதான். ஆனால் அந்தப் பதிலை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புசிங்கே வளர்ந்து தேயிலை லாரி ஓட்டுகிறவன் ஆனான். கல்யாணம் செய்துகொண்டான். அப்பாவிடம் கோபம் இருந்தது. ஆனாலும் ஒரு பெண் குழந்தை பிறந்ததும் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எம்பாக்கோ சூட்டுவதற்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தான். அப்பன் வழிப் பெரியவர் அராலிதானே? அவர் வீட்டுக்கு வராவிட்டால் வீடு அவரிடம் வரவேண்டியதுதான்.

சாலையில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கியவன் வெள்ளைக் கல்லைப் பார்த்தான். "லாரியைக் கொண்டாந்து நடுவுல நிறுத்தட்டுமா அப்பா? அளவு சரியா இருக்கான்னு பாத்துக்கலாம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அக்காக்காரி குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தாள். "கையில வாங்காம எம்பாக்கோ குடுக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? ஒரு தடவை வாங்குடா. அப்புறம் ஒரு வாரம் உன் குடிசையில கிட."

அந்த மாதம் நியகாத்தோ மறுபடியும் குட்டி போட்டிருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கியிருக்கிற ஒரே குட்டி. ஒரு வாரம் விட்டால் என்ன ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றும். அராலிக்கு அப்படித் தோன்றவில்லை. கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"கொஞ்சம் இடது பக்கமா திருப்புங்க," என்றார்.

"இது என்ன மரத்துல தொங்குற குட்டியா?" என்று அக்கா சீறினாள். ஆனாலும் திருப்பினாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அத்யேரி!" என்று கத்தினார்.

செத்துப்போன மனைவியின் எம்பாக்கோ. புசிங்கே தலையைக் குனிந்துகொண்டான். அக்கா குழந்தையின் காதில் அதைத் திருப்பிச் சொன்னாள். நாங்கள் இந்தப் பக்கம் வட்டமாக உட்கார்ந்து ஒரே கூடையிலிருந்து களி பிட்டுத் தின்றோம். அவர் பங்கை நான் அடிமரத்தின்மேல் வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். "அப்வோலி, வேலையை விட்ட பிறகு நான் செய்யப்போற முதல் காரியம் என்ன தெரியுமா? அந்தப் புள்ளையைத் தூக்கறது. இடுப்புல வெச்சுத் தூக்கற வயசு தாண்டறதுக்குள்ள. அது ஒண்ணு போதும் எனக்கு."

"இப்பவே தூக்கியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவர் காதில் விழாததுபோல் களியை மென்றார்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவாள். நடக்கத் தெரிந்ததும் கல்லைத் தாண்டி ஓடப் பார்த்தது. "அத்யேரி, கல்லு! வாயைப் பொத்திக்கோ! உன் மூச்சு பட்டா அராலியோட குட்டிங்களுக்குக் காய்ச்சல் வரும்" என்று அம்மா பிடித்து இழுப்பாள். கொஞ்ச நாளில் இழுக்க வேண்டியே இருக்கவில்லை. வெள்ளைக் கல் கண்ணில் பட்டவுடன் கை தானாக வாய்க்குப் போகும். விரல் இடுக்கு வழியாகவே, "எப்படி விடிஞ்சுது அராலி?" என்று கத்தும். "நல்லா விடிஞ்சுது அத்யேரி!" என்று இவர் கத்துவார். என்ன கெட்டிக்காரக் குழந்தை என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

முழங்கால் தேய்ந்து, சிம்பன்சிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதும் அராலி வேலையை விட்டார். அதற்குள் குழந்தைக்கு ஐந்து வயது. கடைசி நாள் காட்டிலிருந்து வந்தவரிடம், "நியகாத்தோ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"வழக்கம்போல முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தா. குட்டி மட்டும் திரும்பிப் பாத்துச்சு," என்றார்.

மறுநாளே பேத்தியிடம் ஓடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குடிசையிலேயே ஒரு வாரம் கிடந்தார். கேட்டால், காட்டிலிருந்து எதையாவது குழந்தைக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்துவிடக் கூடாதாம்! எனக்கு வந்த கோபத்தில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அதையும் குறை சொல்லாமல் தின்றார்.

போகும் நாளன்று, "தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீயும் வாயேன்," என்றார். ஒரு தார் வாழைக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதையில் நான் நின்றால் அவரும் நின்றார். நான் பின்தங்கினால் அவர் முன்னால் போனார். "நான் என்ன கடிக்கவா போறேன்?" என்றேன். டாக்சியில் ஏறியதும் கதை வேறு. எங்கள் ஊர் டாக்சியில் ஓர் இருக்கைக்கு இரண்டு பேர், மடியில் கோழி. அவர் எனக்கும் ஒரு பருத்த அம்மாளுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தும்மினாள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அப்போதுதான் அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். கண்ணின் கருவிழியைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் விழுந்திருந்தது. இலை கசக்கின வாசனை வந்தது. இத்தனை காலமாக எனக்குத் தெரிந்த மனிதரின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

புசிங்கேயின் வீட்டு முற்றத்தில் லாரி நின்றிருந்தது. மருமகள் கதவருகில் நின்று, "அத்யேரி! யார் வந்திருக்காங்க பாரு!" என்று கூவினாள்.

குழந்தை வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தது. அவரைப் பார்த்ததும் பாதி முற்றத்தில் சட்டென்று நின்றது. அங்கே வெள்ளைக் கல் ஏதும் இல்லை. ஆனால் லாரி நீளம் கண்ணுக்குப் பழகிவிட்டது. கை வாய்க்குப் போயிற்று.

"எப்படி விடிஞ்சுது அராலி?" என்று கத்தியது.

எல்லோரும் சிரித்தோம். "இப்பப் போலாம்டி. இனிமே பரவாயில்ல," என்றாள் அம்மா. குழந்தை நகரவில்லை. சந்தேகமாகப் பார்த்தது. இவராவது போய்த் தூக்குவார் என்று பார்த்தால், இவர் முற்றத்து ஓரத்தில் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். ஒரு புல்லைப் பிடுங்கி மென்றார். தோளைச் சொறிந்துகொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். புசிங்கேவுக்கும் புரிந்திருக்க வேண்டும். "என்னப்பா, என் பொண்ணையும் பழக்கப்போறீங்களா? எத்தனை மழைக்காலம் ஆகும்?" என்றான். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

நாங்கள் டீ குடித்தோம். அவர் டீயைத் தரையில் வைத்துவிட்டு ஆற விட்டார். குழந்தை முதலில் ஒரு கோழியைத் துரத்துவதுபோல் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பிறகு வாழைக்காய்த் தாரைத் தொட்டுப் பார்க்க வந்தது. பிறகு அவர் எதை மெல்கிறார் என்று எட்டிப் பார்க்க வந்தது. அவர் திரும்பவில்லை. அவர் காது மட்டும் குழந்தை பக்கம் இருந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை வாயிலிருந்து கையை எடுத்தது. இரண்டு கையையும் தூக்கச் சொல்லி நீட்டிக்கொண்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அராலி எழுந்தார்.

மெதுவாக, ஓசையில்லாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் எழுந்து, ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோர் அடி. அவராகச் செய்யவில்லை, கால் செய்தது. நெருங்கி வந்தால் நாம்தான் பின்னால் நகர வேண்டும். அந்தக் காலுக்கு வேறொன்றும் தெரியாது. தான் என்ன செய்கிறோம் என்பது அவர் முகத்தில் வந்து சேர்வதற்குள் நாலைந்து அடி போய்விட்டார்.

குழந்தையின் நீட்டிய கை அப்படியே நின்றது. ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டது. கை மறுபடியும் வாய்க்குப் போயிற்று.

"மறந்துட்டேன் அராலி," என்று விரல் இடுக்கு வழியாகச் சொல்லிவிட்டு, பின்னோக்கியே நடந்து போய்ப் பழைய இடத்தில் நின்றது.

புசிங்கே எழுந்து லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அராலி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரை அடித்துவிடலாமா என்றிருந்தது, அழுதுவிடலாமா என்றும் இருந்தது.

"ஏய் ருசோக்கே!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறந்தது.

"இங்க குரங்கு யாரும் இல்ல! அது உன் ரத்தம்! போய்த் தூக்கு!"

அவர் குழந்தையைப் பார்த்தார். முதல் முறையாக நேராகக் கண்ணைப் பார்த்தார். பிறகு நடந்தார். தேய்ந்த முழங்காலோடு, வழுக்குப் பாறையில் நடப்பதுபோல் ஒவ்வோர் அடியாக வைத்து, அந்த லாரி நீளத்தைக் கடந்து போனார். குனிந்தார். எப்படித் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு தடவை கையை மாற்றிப் பார்த்துவிட்டுத் தூக்கினார். இடுப்பில் வைத்துத் தூக்கும் வயது தாண்டிப் போயிருந்தது. குழந்தையின் கால் அவர் முழங்காலில் இடித்தது. அவர் தோள் குலுங்கியது. குழந்தை ஒரு கையால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அத்யேரி," என்றார். கத்தாமல், காதருகில். "அத்யேரி, கையை எடும்மா."

குழந்தை சிரித்தது. கண்ணெல்லாம் சிரித்தது. ஆனால் தலையைப் பலமாக ஆட்டி மறுத்துவிட்டு, வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டது.